டெபியன் மேம்பாட்டாளர்களுக்கு ஒரு திறந்த மடல்: கையேட்டை ஏன் வெளியே நிறுத்தினீர்கள்?

டெபியன் திட்டத்தில் வாக்குரிமை பெற்ற மேம்பாட்டாளர்கள் அனைவருக்கும்,

2025 ஆகஸ்டில் நீங்கள் வெளியிட்ட டெபியன் இயங்குதளத்தின் 13ஆம் பதிப்பை எங்கள் கல்லூரிக் கணினி ஆய்வகத்தில் ஏற்றி முடித்ததும், கட்டளைகளை எழுதும் முனையத்தைத் திறந்து ‘மேன் ஜிசிசி’ என்று தட்டினேன். ஜிசிசி என்பது சி நிரலை இயங்கும் வடிவத்துக்கு மாற்றும் கம்பைலர், ‘மேன்’ என்பது கையேட்டைக் காட்டும் கட்டளை. ஜிசிசிக்குக் கையேட்டுப் பக்கம் எதுவும் இல்லை என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. கம்பைலர் இருக்கிறது, அதன் கையேடு இல்லை. அதே கணினியில் வைஃபை சில்லுக்கான ஃபர்ம்வேர், அதாவது அந்தச் சில்லை இயக்கும் உள்நிரல், நான் கேட்காமலே உங்கள் டிவிடியிலிருந்து இறங்கி வேலையைத் தொடங்கியிருந்தது. மனிதர் எழுதிய மூலநிரலையே கண்ணில் காட்டாத, இயந்திரம் மட்டும் படிக்கும் ஒரு பைனரிக் கோப்பு உங்கள் அதிகாரபூர்வ வட்டில் வருகிறது. முழு மூலத்தோடு கிடைக்கிற, யார் வேண்டுமானாலும் நகலெடுத்துக் கொடுக்கக்கூடிய கையேடு வருவதில்லை. முந்தைய பதிப்பிலும் இதே நிலைதான். அடுத்ததில் சரியாகும் என்று பொறுத்திருந்தேன். சரியாகவில்லை.

நான் தென் தமிழ்நாட்டில் ஒரு கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்கு சி நிரலாக்கம் கற்பிப்பவன். எங்கள் ஆய்வகக் கணினிகளுக்கு இணையம் கிடையாது. உள் வலையமைப்பில் ஒரு சர்வர் இருக்கிறது, அதில் உங்கள் மென்பொருள் களஞ்சியத்தின் நகல் இருக்கிறது, அவ்வளவுதான். செய்முறைத் தேர்வில் புத்தகம், கைபேசி எதற்கும் அனுமதியில்லை. கணினியில் உள்ள கையேட்டுப் பக்கங்களை மட்டும் பார்க்கலாம். இந்த விதி எனக்குப் பிடிக்கும். கையேட்டைப் படித்து வழி கண்டுபிடிக்கும் பழக்கம் ஒரு மாணவருக்கு வந்துவிட்டால் அதன் பிறகு என்னைப் போன்ற ஆசிரியர் தேவையில்லை.

இருபடிச் சமன்பாட்டின் மூலங்களைக் காணும் நிரல் எங்கள் பாடத்திட்டத்தில் ஆரம்பத்திலேயே வரும். வர்க்கமூலம் காணும் செயற்கூறான ‘ஸ்கொயர்-ரூட்’டை மாணவர் அழைப்பார். கம்பைல் செய்தால், அந்தப் பெயர் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை என்று, நிரலையும் நூலகங்களையும் இணைக்கும் லிங்கர் முறையிடும். நன்றாகப் பழகிய மாணவர் உடனே அந்தச் செயற்கூறின் கையேட்டுப் பக்கத்தைத் திறப்பார். அது டெபியனில் இருக்கிறது. கணித நூலகம் வேண்டும், ‘மைனஸ் எல்எம்’ சேர்க்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. சரி, ‘மைனஸ் எல்’ என்றால் என்ன? கட்டளையில் அதை எங்கே எழுதுவது? முன்னாலா, பின்னாலா? இதற்கான பதில் ஜிசிசியின் கையேட்டில் தெளிவாக இருக்கிறது. எழுதும் இடம் முக்கியம் என்று தனியாகவே சொல்லி விளக்கியிருக்கிறார்கள். அதைத் திறக்கப் போனால் வெறுங்கை. ஒரு பக்கம் மாணவரை அடுத்த பக்கத்துக்கு அனுப்பி வைக்கிறது, அடுத்த பக்கமோ வீட்டில் இல்லை. ‘ஹெல்ப்’ என்று கேட்டால் கம்பைலரே ஒரு பட்டியல் தருகிறது என்பீர்கள். கட்டளையோடு சேர்க்கும் விருப்பம் (ஆப்ஷன்) ஒன்றுக்கு ஒரு வரி வீதம் வரும் அந்தப் பட்டியல் ஏற்கெனவே தெரிந்தவருக்கு நினைவூட்டும். தெரியாதவருக்குச் சொல்லித் தராது.

விடுதியில் உபுண்டு வைத்திருக்கும் மாணவர்கள் இதைவிடக் கூர்மையான கேள்வியோடு வருகிறார்கள். “சார், என் லேப்டாப்பில் இந்தப் பக்கம் வருகிறது, இங்கே ஏன் வரவில்லை?” உபுண்டுவோ உங்களிடமிருந்து கிளைத்தது. கிளையில் இருப்பது மரத்தில் இல்லை. காரணத்தைக் கணினி எங்கும் சொல்வதில்லை. ஆகவே டெபியன் சரியாக நிறுவப்படவில்லை என்றே அவர்கள் முடிவு செய்கிறார்கள். உரிமத்தை நீங்கள் எவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கிறீர்கள் என்பதற்குச் சான்றாக இருக்க வேண்டிய இடம், வேலை தெரியாதவர்கள் செய்த தவறாக அவர்கள் கண்ணுக்குத் தெரிகிறது.

காரணம் எனக்குத் தெரியும். ஜிசிசியின் கையேடு, ஜிசிசியை உருவாக்கிய குனு திட்டத்தின் கட்டற்ற ஆவண உரிமத்தில் வருகிறது. அந்த உரிமம், ஆசிரியர் விரும்பினால் சில பகுதிகளை யாரும் மாற்றக்கூடாதவை என்று குறித்துவைக்க இடம் தருகிறது. ஜிசிசி கையேட்டில், கட்டற்ற மென்பொருளுக்கு நிதி தருவது பற்றிய ஒரு பகுதி அப்படிக் குறிக்கப்பட்டிருக்கிறது. முன்னட்டை, பின்னட்டை வாசகங்களும் அப்படியே. 2006 மார்ச்சில் நீங்கள், மேம்பாட்டாளர்கள் அனைவரும் வாக்களிக்கும் பொதுத் தீர்மானம் நடத்தி, மாற்றக்கூடாத பகுதி இல்லாத ஆவணங்கள் கட்டற்றவை, அதாவது யாரும் பயன்படுத்தி, மாற்றி, பகிரத்தக்கவை என்று முடிவு செய்தீர்கள். அப்படிப்பட்ட பகுதி உள்ளவை, கட்டற்றவை மட்டும் இருக்கும் மெயின் பிரிவை விட்டு, மற்றவற்றுக்கான நான்-ஃப்ரீ பிரிவுக்குப் போயின. ஈமேக்ஸ் என்னும் உரைத்தொகுப்பியின் கையேடு போனது. சி நூலகத்தின் முழுக் கையேடும் போனது.

அந்தத் தீர்ப்பு சரி என்பதே என் கருத்து. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ‘உரிமத்தைக் கண்டுகொள்ளாமல் எல்லாவற்றையும் மெயினில் போடுங்கள்’ என்று கேட்க நான் வரவில்லை. எச்சரிக்கைகளைக் கட்டுப்படுத்தும் விருப்பங்கள் பற்றிய சில பக்கங்களை அந்தக் கையேட்டிலிருந்து எடுத்துத் தமிழாக்கி, மாணவர்களுக்கு அச்சிட்டுத் தர நினைத்தேன். உரிமத்தை வரிவரியாகப் படித்தால் வழி இப்படிப் போகிறது: கம்பைலரின் எச்சரிக்கைகளுக்கும் நிதி திரட்டுவதற்கும் எந்தத் தொடர்பும் இல்லாவிட்டாலும், அந்த நிதிப் பகுதி ஓர் எழுத்தும் மாறாமல் கூடவே வர வேண்டும். அதன் தமிழாக்கத்தைச் சேர்த்து வைக்கலாம், ஆங்கில மூலத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வைக்க வேண்டுமானால் உரிமையாளரிடம் தனி அனுமதி வாங்க வேண்டும். உரிமத்தின் முழு வாசகமும் இணைப்பாக வர வேண்டும். அச்சுப் பிரதிகள் 100-ஐத் தாண்டினால் அட்டை வாசகமும் சேரும். பாடத்தைவிட இணைப்பு நீளம். இந்தக் கையேட்டை நகலெடுக்கவும் மாற்றவும் உங்களுக்குச் சுதந்திரம் உண்டு என்பதுதான் அந்தப் பின்னட்டை வாசகத்தின் சாரம். அந்த வாசகத்தை மாற்ற மட்டும் சுதந்திரம் இல்லை! குனு திட்டத்தின் மீது எனக்குள்ள மரியாதை பெரிது, ஆனாலும் இதைப் படித்துச் சிரிக்காமல் இருக்க முடியவில்லை. தமிழாக்கத்தைக் கைவிட்டு, அதே செய்திகளை என் சொந்த நடையில் புதிதாக எழுதிக் கொடுத்தேன்.

ஆகவே 2006 தீர்ப்பை எதிர்த்து எனக்கு வழக்கு இல்லை. வழக்கு 2022-ஐப் பற்றியது.

அந்த ஆண்டின் பொதுத் தீர்மானத்தில் நீங்கள், பயனர்களுக்குத் தந்த வாக்குறுதியான சமூக ஒப்பந்தத்தையே திருத்தினீர்கள். 1997 ஜூலையில் ஏற்ற ஒப்பந்தம், அதுவரை ஒரே ஒரு முறை, 2004இல், திருத்தப்பட்டது. மூன்றுக்கு ஒன்று என்ற பெரும்பான்மை இல்லாமல் அதில் கை வைக்க முடியாது. அந்தத் தடையைத் தாண்டி, 2022 அக்டோபரில், வன்பொருளுக்குத் தேவையான ஃபர்ம்வேரை அது டெபியனின் பகுதியாக இல்லாவிட்டாலும் அதிகாரபூர்வ வட்டுகளில் சேர்க்கலாம் என்று அந்த ஒப்பந்தத்தின் ஐந்தாம் பிரிவில் எழுதினீர்கள். களஞ்சியத்தில் நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர் என்று தனிப் பிரிவு பிறந்தது. 2023 ஜூனில் வந்த 12ஆம் பதிப்பிலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது.

இந்த முடிவையும் நான் குறை சொல்ல மாட்டேன். அதற்கு முன் நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத் தெரியும். ஃபர்ம்வேர் சேர்த்த வட்டை ‘அதிகாரபூர்வமற்றது’ என்ற பெயரில் தளத்தின் மூலையில் ஒளித்து வைத்திருந்தீர்கள். முகப்பில் கிடைத்ததை இறக்கியவர் வைஃபை வேலை செய்யாமல் திண்டாடினார், வைஃபை இல்லாமல் அந்த ஃபர்ம்வேரை இறக்க வழியுமில்லை. பார்வையற்றவர்கள் ஒலிவழி நிறுவியைப் பயன்படுத்த, சில கணினிகளில் ஒலிச் சில்லுக்கே ஃபர்ம்வேர் வேண்டும் என்ற வாதத்தை அப்போது சிலர் முன்வைத்தார்கள். அதை மறுத்துப் பேச மனசாட்சியுள்ள யாராலும் முடியாது. கொள்கை ஒருபுறம் இருக்க, எதிரே இருக்கும் மனிதருக்குக் கணினி இயங்க வேண்டும் என்று எண்ணினீர்கள். சரிதான்.

ஆனால் அந்தப் பரிவு ஏன் பைனரிக் கோப்போடு நின்றுவிட்டது? வைஃபை ஃபர்ம்வேர் ஒன்றின் உரிமக் கோப்பைத் திறந்து பாருங்கள். இன்டெல்லின் உரிமம், பைனரியாக மட்டும் விநியோகிக்கலாம் என்கிறது. பிரித்துப் பார்க்கவோ, எப்படி இயங்குகிறது என்று பின்னோக்கி ஆராயவோ கூடாது என்கிறது. உங்கள் கட்டற்ற மென்பொருள் வழிகாட்டு நெறிகளில் மூலநிரல் வேண்டும், மாற்றும் உரிமை வேண்டும் என்ற இரண்டிலும் அது தேறாது. ஜிசிசி கையேடு? மூலம் உண்டு. நகலெடுக்கலாம், விற்கலாம். ஒரு பகுதியும் இரண்டு அட்டை வாசகங்களும் தவிர மற்றெல்லாவற்றையும் திருத்தலாம். குற்றத்தில் எவ்வளவு வித்தியாசம்! தண்டனையோ தலைகீழ். சீல் வைத்த பெட்டியை வாசல் திறந்து உள்ளே அழைத்தவர்கள், ஒரு தாளை மட்டும் ஒட்டிவைத்த புத்தகத்தைத் தெருவில் நிறுத்தியிருக்கிறார்கள்.

நான்-ஃப்ரீ பிரிவைச் சேர்த்துக்கொண்டால் தீர்ந்தது, ஒரு வரி எழுதும் வேலை என்று நீங்கள் சொல்வது கேட்கிறது. அந்த ஒரு வரியோடு என்னென்ன வருகிறது என்று பார்ப்போம். கையேடும், என்விடியா வரைகலைச் சில்லுக்கான டிரைவரும், சுருக்கிய கோப்புகளைப் பிரிக்கும் அன்ரார் நிரலும் ஒரே கூடையில் கிடக்கின்றன. கையேடு வேண்டுமென்றால் கூடையையே திறக்க வேண்டும். எங்கள் துறையில், உரிமம் இல்லாத மென்பொருள் பற்றி ஒரு தணிக்கையில் கேள்வி வந்த பிறகு, கட்டற்ற மென்பொருள் தவிர எதுவும் ஆய்வகத்தில் கூடாது என்று விதி எழுதினோம். மெயின் பிரிவைத் தவிர வேறெதையும் சர்வரில் நகலெடுப்பதில்லை. 12ஆம் பதிப்பு வந்தபோது ஃபர்ம்வேர் பிரிவுக்கு மட்டும் விலக்குக் கேட்டேன், கிடைத்தது. அது தனிப் பெயரில் தனியாக இருந்ததால், எதற்காக, எவ்வளவு என்று ஒரு பக்கக் குறிப்பில் விளக்க முடிந்தது. நான்-ஃப்ரீ முழுவதற்கும் அப்படி ஒரு குறிப்பு எழுத என்னால் முடியாது. எழுதினாலும் துறைத் தலைவர் கையெழுத்திட மாட்டார், அவர் இடத்தில் நான் இருந்தாலும் இட மாட்டேன். அந்தப் பிரிவு டெபியனின் பகுதி அல்ல, உங்கள் பாதுகாப்புக் குழு அதற்குப் பொறுப்பேற்பதில்லை என்று நீங்களே அறிவித்திருக்கிறீர்கள். ஒரு கையேட்டுப் பக்கத்தில் என்ன பாதுகாப்பு ஓட்டை வந்துவிடப்போகிறது என்பது வேறு விஷயம்.

இணையத்தில் கிடைக்கிறதே என்ற பதிலும் வரும். 2023 செப்டம்பரில் உங்கள் ஆண்டு மாநாடு கொச்சியில் நடந்தது. இங்குள்ள கல்லூரி ஆய்வகங்கள் எந்த நிலையில் இயங்குகின்றன என்று உங்களில் பலர் அங்கே கேட்டிருக்கக்கூடும். இணையம் இருக்கும் இடத்திலும், தேடல் முதலில் காட்டுவது வேறு பதிப்பின் கையேடாகவோ யாரோ எழுதிய அரைகுறை விளக்கமாகவோ இருக்கும். கணினியில் உள்ள கம்பைலருக்கு உரிய கையேடு அதே கணினியில் இருக்க வேண்டும் என்பது யூனிக்ஸ் உலகின் பழைய எதிர்பார்ப்பு. அதை எதிர்பார்ப்பது பேராசை அல்ல.

உங்கள் கண்டிப்பு வீணான கண்டிப்பு என்று சொல்பவர்களோடு நான் சேர மாட்டேன். 1998இல் க்யூட்டி என்னும் நிரல் நூலகத்தின் உரிமம் பொருந்தவில்லை என்று, அதைக் கொண்டு எழுதப்பட்ட கேடிஇ திரைச்சூழலை வெளியேற்றினீர்கள். பிடிவாதக்காரர்கள் என்ற பெயர் கிடைத்தது. 2000இல் க்யூட்டி, கட்டற்ற உரிமமான ஜிபிஎல்லில் வந்தது. ஃபயர்ஃபாக்ஸின் பெயர், சின்னம் பற்றிய தகராறில் ஐஸ்வீசல் என்று பெயர் மாற்றினீர்கள். பத்தாண்டு கழித்து 2016இல் அது சமரசமாக முடிந்து பழைய பெயர் திரும்பியது. இரண்டிலும் நீங்கள் கதவை மூடியதோடு நிற்கவில்லை, எதிர்த் தரப்போடு பேச்சும் தொடர்ந்தது. கையேடுகள் விஷயத்திலோ, குனு திட்டத்துக்குப் பின்னால் இருக்கும் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையோடு 2000களின் தொடக்கத்தில் நடந்த பேச்சு முடிவு காணாமல் நின்றது. அதன் பிறகு 2006 தீர்மானம். பிறகு இரு தரப்பும் அவரவர் வீட்டுக்குப் போய்விட்டீர்கள். உங்கள் தளத்தில் நான்-ஃப்ரீ தொகுப்புகள் இருக்கின்றன என்பதற்காக அவர்கள் டெபியனைப் பரிந்துரைப்பதில்லை. அந்த நான்-ஃப்ரீயில் அவர்களுடைய கையேடுகளே இருக்கின்றன! இந்தப் பிணக்கில் இரு பக்கமும் கொள்கையில் ஜெயித்துவிட்டது. தோற்றது முனையத்தின் முன் உட்கார்ந்திருக்கும் மாணவர்.

இனி என் கோரிக்கைகள். இவற்றில் சிலவற்றுக்கு வாக்கெடுப்பு வேண்டும், சிலவற்றுக்கு ஒரு தொகுப்புப் பராமரிப்பாளர் மனம் வைத்தால் போதும்.

எளிதானதில் தொடங்குகிறேன். ஜிசிசி தொகுப்போடு மெயினிலேயே ஒரு சிறிய பதிலிப் பக்கத்தை வையுங்கள். முழுக் கையேடு இங்கே இல்லை, அதன் உரிமத்தில் இன்ன பகுதி மாற்றக்கூடாதது, ஆகவே இன்ன பிரிவில் இன்ன பெயரில் இருக்கிறது என்று நாலு வரி. கூடவே, அடிக்கடி தேவைப்படும் விருப்பங்களுக்கு யாராவது புதிதாக எழுதிய சுருக்க விளக்கம். உரிமச் சிக்கல் இல்லாமல் அதை எழுத முடியும், நானே மாணவர்களுக்கு எழுதியிருக்கிறேன். அந்த வரைவை உங்கள் நெறிகளுக்கு உட்பட்ட உரிமத்தில், தமிழிலும் ஆங்கிலத்திலும், தரத் தயார். சி நூலகக் கையேட்டுக்கும் இதே ஏற்பாடு வேண்டும். இதற்கு எந்தத் தீர்மானமும் தேவையில்லை.

நான்-ஃப்ரீ பிரிவிலும், தாம் கட்டற்றவையானாலும் அப்படியல்லாத ஒன்றைச் சார்ந்தவை இருக்கும் கான்ட்ரிப் பிரிவிலும் உள்ள தொகுப்புகள் ஏன் டெபியனின் பகுதி அல்ல என்ற காரணத்தைக் காப்புரிமைக் கோப்பில் சுருக்கமாக எழுத வேண்டும் என்று உங்கள் கொள்கை ஆவணமே சொல்கிறது. அந்தக் கோப்பு தொகுப்பை நிறுவிய பிறகுதான் கணினியில் வந்து சேர்கிறது. முடிவெடுக்க வேண்டிய நேரத்தில் கையில் இல்லை. அந்தக் காரணத்தைத் தொகுப்பின் விவரத்தில் தனிப் புலமாக வைத்து, நிறுவும் முன், மென்பொருளை இறக்கி நிறுவும் ஏப்ட் கட்டளை அதைக் காட்டும்படி செய்யுங்கள். மூலநிரல் இல்லாததால் வெளியே இருப்பது எது, ஓர் அட்டை வாசகத்தால் வெளியே இருப்பது எது என்று பயனருக்குத் தெரியட்டும்.

நிறுவி, எந்தெந்த ஃபர்ம்வேரை ஏற்றியது என்பதை வேலை முடியும் தறுவாயில் ஒரு திரையில் சொல்ல வேண்டும். இப்போது அதைப் பதிவுக் கோப்புகளில் தோண்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஃபர்ம்வேர் வேண்டாம் என்று துவக்க வரியில் எழுதும் வசதி இருக்கிறது, அது ஏற்கெனவே தெரிந்தவருக்குத்தான் உதவும். நிறுவி தமிழிலும் ஓடுகிறது. ஆகவே அந்தத் திரையும் தமிழில் வர வேண்டும். மொழிபெயர்ப்புக்கு ஆள் இல்லை என்ற பிரச்சினை வராது, நான் இருக்கிறேன்.

அடுத்தது வாக்கெடுப்புக்கு உரியது. நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேரைப் போலவே ஆவணங்களுக்கும் தனிப் பிரிவு ஒன்றை உருவாக்குங்கள். உள்ளே வர நிபந்தனைகளைக் கறாராக வையுங்கள்: முழு மூலம் வேண்டும், யாரும் விநியோகிக்கலாம் என்றிருக்க வேண்டும், மாற்றக்கூடாதவை என்று குறித்த பகுதிகளும் அட்டை வாசகங்களும் தவிர மற்றதைத் திருத்த அனுமதி வேண்டும். அந்தப் பிரிவை அதிகாரபூர்வ டிவிடிகளில் சேர்க்க சமூக ஒப்பந்தத்தின் ஐந்தாம் பிரிவில் இன்னொரு வாக்கியம் எழுத வேண்டியிருக்கும். அதற்கான வழி 2022இலேயே உங்களுக்குப் பழக்கமாகிவிட்டது. தானாக ஏற்ற வேண்டாம், நிறுவும்போது ஒரு கேள்வி கேட்டால் போதும்.

கடைசியாக, கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளைக்கும் ஜிசிசி குழுவுக்கும் திட்டத் தலைவர் பெயரில் முறையாக எழுதுங்கள். ஜிசிசி கையேட்டின் நிதிப் பகுதியை மாற்றக்கூடாதவை பட்டியலிலிருந்து விலக்க வேண்டும், அட்டை வாசகக் கட்டாயத்தையும் நீக்க வேண்டும் என்று கேளுங்கள். அவர்கள் இறங்கி வரவே மாட்டார்கள் என்று முன்கூட்டியே முடிவுகட்ட வேண்டாம். 2008இல் அதே ஆவண உரிமத்தின் 1.3ஆம் பதிப்பை வெளியிட்டு, விக்கிப்பீடியா கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்துக்கு மாற வழிவிட்டவர்கள் அவர்கள்தான். கேட்டதையும் வந்த பதிலையும் பொதுவில் வையுங்கள். 14ஆம் பதிப்பின் தொகுப்புகள், புது மாற்றங்களை நிறுத்தும் உறைநிலைக்குப் போவதற்கு முன், இந்தக் கோரிக்கைகளில் எவற்றை ஏற்கிறீர்கள், எவற்றை மறுக்கிறீர்கள், ஏன் என்று எழுத்தில் பதில் வேண்டும்.

இப்படிக்கு,
டெபியனில் சி கற்பிக்கும் ஓர் ஆய்வக ஆசிரியர்